ஒன்பது வியா

தியெனுக்கு எல்லாம் தெரியும். 'தெரியாது' என்று சொல்ல மட்டும் தெரியாது. பியென் ஹோவா நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகளில் அவனை 'டாக்டர்' என்று கூப்பிடுவதற்குப் பாதிக் காரணம் அவன் கை, மீதிப் பாதி அந்த வாய். எந்த மிஷின் படுத்தாலும் முன்னால் போய் நிற்பான். மூடியைத் திறப்பான், மூக்கைச் சுருக்கி ஒருமுறை மோந்து பார்ப்பான், "ம்" என்பான். அந்த "ம்"மைக் கேட்டதுமே முதலாளிகளுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும்.

அவன் பிறந்தது சைகோன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பன் மூன்று சக்கர வண்டி மிதித்தவன். ஜப்பான்காரன் கழித்துக்கட்டிய மிஷின்களைக் கப்பலில் கொண்டுவந்து குவித்து வைக்கிற களம் ஒன்று அங்கே இருந்தது. பதினேழு வயதில் அதில் எண்ணெய் துடைக்கப் போனான். ஜப்பான் எழுத்தில் ஒன்றுகூட இன்றுவரை தெரியாது. கையேட்டிலிருந்த படங்களைப் பார்த்தும், விரலைச் சுட்டுக்கொண்டும், இரண்டு முறை மின்சாரம் தூக்கி எறிந்தும் படித்த படிப்பு அவனுடையது. இப்போது நாற்பத்தாறு வயது. சொத்து என்று பார்த்தால் ஒரு பழைய பைக், ஒரு மீட்டர், அந்த 'டாக்டர்' பெயர். முதல் இரண்டும் திருடு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பெயருக்கு ஆபத்து வந்தபோது அவன் என்ன செய்தான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அவன்மேல் கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவனுக்கு நிலையான வேலை ஹுவே சித்தியின் பட்டறையில். வயதில் மூத்த முதலாளியம்மாள் என்பதால் எல்லோருக்கும் அவள் சித்தி. ஐம்பத்தெட்டு வயது, இடது கையில் பச்சைக்கல் வளையல், எண்ணெய்க் கறை படாத வெள்ளைச் செருப்பு. செருப்புக் கம்பெனிகளுக்கு மோல்டு செய்து கொடுக்கிற பட்டறை அது. நான்கு லேத், இரண்டு துளைபோடும் மிஷின், அப்புறம் கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மிஷின் ஒன்றே ஒன்று. அதுவும் தியென் துடைத்து வளர்ந்த அந்தக் களத்திலிருந்து வந்த கிழம்தான். ஆனால் பட்டறைக்குச் சோறு போடுவது அது. அது நின்றால் சித்திக்குத் தூக்கம் வராது, சித்திக்குத் தூக்கம் வராவிட்டால் வேறு யாருக்கும் நிம்மதி கிடையாது.

அந்த மில்லிங்கைக் காலை ஆறு மணியிலிருந்து ஓட்டியவள் தோவா. ஐம்பது வயது விதவை. மத்தியானம் இரண்டு மணிக்கு பாங் வந்து மாற்றிக்கொள்வான். பாங்குக்கு முப்பத்தைந்து வயது, வாயாடி. சும்மா இருக்கிற நாய் மேலும் கல்லெறிந்துவிட்டுச் சிரிக்கிற ரகம். தோவா அதற்கு நேர்மாறு. வந்ததும் ஐஸ் காபி வாங்கி வைப்பாள், தியெனுக்கும் சேர்த்து. பிறகு மிஷினுக்குப் பின்னால் போய், முந்தைய நாள் பாங் விட்டுப்போன அலுமினியச் சீவலையெல்லாம் வெட்டும் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவித் தள்ளுவாள். அவளைத் தவிர அந்தப் பட்டறையில் யாரும் மிஷினின் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

மழைக்காலத்தின் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு அது முதல் தடவையாக நின்றது. பாதி குடைந்த மோல்டின் மேல் மேசை திடுக்கென்று உதறி நின்றுவிட, திரையில் சிவப்பாக எழுத்து ஓடியது. அந்த மிஷினில் மேசையை இடவலமாக ஓட்டுவது எக்ஸ் அச்சு, முன்பின்னாக ஓட்டுவது ஒய் அச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுப்பது டிரைவ் என்கிற, சோற்றுப்பெட்டி அளவுள்ள ஒரு டப்பா. தியென் பின்பக்கப் பெட்டியைத் திறந்தான். ஒய் டிரைவின் சின்னக் கண்ணாடியில் ஒரே ஓர் எண் சிவப்பாக நின்றிருந்தது: ஒன்பது.

"என்ன தம்பி சொல்லுது?" என்று தோவா கேட்டாள்.

"கரண்ட் அளவுக்கு மேல இழுக்குதுன்னு சொல்லுது அக்கா. பயப்படாதீங்க, கிழம் இல்லையா, மூச்சு வாங்கும்."

மெயினை அணைத்துப் போட்டான். எண் மறைந்தது, மிஷின் ஓடியது. மறுநாள் அதே ஏழரைக்கு மறுபடியும் ஒன்பது. வியாழனும் அப்படியே. இரண்டு மணிக்கு பாங் வந்து நின்றால் இரவு பத்துவரை ஒரு முக்கல் முனகல் கிடையாது.

வெள்ளிக்கிழமை தியென் ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டான். மோட்டாரையும் கேபிளையும் டிரைவிலிருந்து கழற்றி, மின்சாரம் எங்காவது இரும்புக்குக் கசிகிறதா என்று மெக்கர் என்கிற மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் நல்லபடியாக நின்றது. தண்ணீர் படாத, ஆறிப்போன மிஷினைச் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பல் வலிக்காத நேரத்தில் பல் டாக்டரிடம் போன மாதிரி. இது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் கேபிளைச் சந்தேகப்பட அவனுக்கு மனமில்லை, ஏனென்றால் அது அவன் போட்ட கேபிள்.

பிறகு டிரைவுகளை மாற்றிப் போட ஆரம்பித்தான். சித்தி வந்து பக்கத்தில் நின்றாள்.

"எதுக்கு இதைக் கழட்டி அங்க மாட்டுற?"

"ரெண்டும் ஒரே டப்பா சித்தி. ஒய்யோடதை எக்ஸ்ல போடுறேன், எக்ஸோடதை ஒய்யில போடுறேன். சீக்கு டப்பாவுல இருந்தா அதுகூடவே எக்ஸுக்குப் போயிடும். இல்லன்னா இருந்த இடத்துலயே இருக்கும். சீக்கு எது பின்னாடி போகுதோ, அதுதான் குத்தவாளி."

"அட!" என்றாள் சித்தி. "இவ்வளவுதானா உங்க வித்தை?"

"இவ்வளவுதான். இதைக் கத்துக்க எனக்குப் பத்து வருசம் ஆச்சு" என்று பெருமையாகச் சொன்னான். அந்தப் பெருமையை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏழரைக்கு ஒன்பது வந்தது. மாற்றிப் போட்ட டப்பா, ஆனால் அதே ஒய். அப்படியென்றால் டிரைவில் குற்றமில்லை. சனிக்கிழமை ஒய் மோட்டாரை இறக்கிவிட்டுக் களத்திலிருந்து வேறொன்று கொண்டுவந்து ஏற்றினான். திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு அதுவும் ஒன்பது. அந்த வாரம் அனுப்ப வேண்டிய மோல்டுகள் கெட்டு மூலையில் கிடந்தன. சித்தி வாசல் மாடத்தில் சிலையாக உட்கார்ந்திருக்கும் தொப்பைக்கார மண்சாமிக்கு இரட்டைக் காபி வைத்து, சிகரெட்டும் பற்றவைத்துக் கொடுத்தாள். மண்சாமி சிகரெட்டைப் பிடித்தாரே தவிர ஒன்றும் செய்யவில்லை.

அன்று மத்தியானம் வேலை மாறும்போதுதான் பாங் வாயைத் திறந்தான். நொய்ச்சோற்றுத் தட்டோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் அண்ணே, அந்த டப்பாவுல எப்பவும் ஒன்பதுதானா வருது? ஏழு வராதா?"

"ஏழு வேற கோளாறுடா."

"வராது அண்ணே. ஆம்பளைக்கு ஏழு வியா, பொம்பளைக்கு ஒன்பது வியா. மிஷின் எவ்வளவு தெளிவா சொல்லுது, உங்களுக்குத்தான் படிக்கத் தெரியல. ஜப்பான் பாஷைன்னு நெனச்சுட்டீங்க. அது நம்ம பாஷைதான் பேசுது!"

எல்லோரும் சிரித்தார்கள். தோவாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சித்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை தியென் கவனித்தான்.

வியா என்பது அந்த ஊர் நம்பிக்கைப்படி எல்லோருக்கும் உண்டு, ஆணுக்கு ஏழு, பெண்ணுக்கு ஒன்பது. உயிரோடு ஒட்டிக்கொண்டு கூடவே நடப்பது. சிலருக்கு லேசு, சிலருக்குக் கனம். வியா கனத்தவள் முதல் ஆளாகக் கடைக்குள் கால்வைத்தால் அன்று ஈ ஓட்ட வேண்டியதுதான். யாருக்குக் கனம் என்று எடைபோட்டுப் பார்க்க முடியாது, நடந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். நடந்ததற்கு தோவாவிடம் பஞ்சமில்லை. கல்யாணமாகி மூன்றாம் வருடம் புருஷன் மணல் படகிலிருந்து ஆற்றில் விழுந்து போனான். அப்புறம் வேலைக்குப் போன நூடுல்ஸ் கடை அடுப்பு வெடித்து எரிந்தது. இருபத்தைந்து வருடமாக யாரும் பேசாத கதைகள் இவை. இரண்டே நாளில் மேலே வந்துவிட்டன, குளத்தில் கல் விழுந்தால் சேறு கலங்கி வருவதுபோல. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

புதன்கிழமை காலையில் சித்தி தோவாவை லேத்துக்கு அனுப்பினாள். மில்லிங்குக்கு லேத்திலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தாள்.

"எதுக்கு சித்தி?" என்றான் தியென்.

"நீ சொல்லிக்கொடுத்ததுதான். மாத்திப் போட்டுப் பாக்குறேன். சீக்கு யார் பின்னாடி போகுதுன்னு."

தியெனுக்குச் சிரிப்பு வந்தது. சித்தி சிரிக்கவில்லை.

நான்கு நாள். மில்லிங் பட்டாகப் போனது. ஏழரையும் வந்தது, எட்டரையும் வந்தது, ஒன்பது மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் தோவா நின்றுகொண்டிருந்த லேத்தில் பெல்ட் அறுந்து கவரில் படாரென்று அடித்தது. அந்த பெல்ட் புத்தாண்டுக்கு முன்பே விரிந்து நூல் நூலாகத் தொங்கியது, மாற்றச் சொல்லி தியெனே எழுதிக் கொடுத்திருந்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அங்கே யாரும் பனம்பழத்தைப் பார்க்கவில்லை, காக்கையைத்தான் பார்த்தார்கள். பக்கத்து லேத்துக்காரன் தன் காபி டம்ளரை அவள் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"தம்பி," என்று தோவா மெதுவாகக் கேட்டாள். "எனக்கு இந்த வேலை போனா வேற வழியில்ல. உனக்குத் தெரியும். நீ எப்படியாவது அதைக் கண்டுபிடிச்சிடு. உனக்குத் தெரியாத மிஷினா?"

"கண்டுபிடிக்காம விடுவேனா அக்கா" என்றான்.

சொன்னபடி கண்டுபிடிக்கவும் செய்தான். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மிஷினின் பின்பக்கம் போய்க் குந்தினான். தரை காய்ந்து கிடந்தது. சீவல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. நான்கு நாளாக யாரும் கழுவவில்லை. அதைப் பார்த்தவுடன் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலை ஆறு மணி, தோவா, குழாய், கூலன்ட்! எழுந்துபோய்க் குழாயை எடுத்தான். அவள் கழுவுவது மாதிரியே இடுக்கு இடுக்காகப் பீய்ச்சினான். பிறகு முன்னால் வந்து, ஒய் அச்சை முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டே நின்றான். அரைமணி நேரம் ஓட்டியிருப்பான். மேசை உதறி நின்றது. போய்ப் பார்த்தால் ஒன்பது.

வாய்விட்டுச் சிரித்துவிட்டான் தியென். பதினேழு வயதில் முதல் மிஷினை உயிர்ப்பித்தபோது வந்த சிரிப்பு. அப்போது அவன் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்பதை நான் நம்புகிறேன். தோவா அக்காவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது அவனுக்கு. தண்ணீர் எங்கே புகுகிறது என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று மெயினை அணைத்துவிட்டு, மேசையோடு கூடவே மடங்கி மடங்கி ஓடும் கேபிள் செயினின் மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பினான். ஏழாவது மூடிக்கு அடியில் இருந்தது. மூன்று கம்பிகளுக்கும் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு. டேப் ஊறி உப்பி அவிழ்ந்து, செம்பு தெரிந்து, செயினின் இரும்பில் பட்ட இடம் கருகியிருந்தது.

சுற்றியிருந்த விதத்தைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்தது. கடைசிச் சுற்றை மடித்து உள்ளே சொருகுவது அவன் பழக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எலி கடித்த கேபிள் அது. அன்றைக்குப் புதுக் கேபிள் கைவசமில்லை, அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு ஓட்டிவிட்டான். அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, சித்தியிடம் "புதுக் கேபிள் போட்டாச்சு" என்றான். சித்தி பட்டறை முழுக்கக் கேட்கும்படி அவனைப் புகழ்ந்தாள். அடுத்த வாரம் வரவில்லை. ஒரு பொய்யைப் பத்துத் தரம் சொன்னால் சொன்னவனுக்கே அது பொய்யென்று மறந்துவிடும். அவனுக்கும் அப்படித்தான் மறந்திருந்தது.

குந்தியபடியே கணக்குப் போட்டான். அவள் ஒழுங்காகக் கழுவாமல் இருந்திருந்தால் இந்த ஒட்டு இன்னும் ஐந்து வருடம் பேசாமல் இருந்திருக்கும். மற்றவர்கள் கழுவவில்லை, அதனால் தப்பித்தார்கள். அவள் கழுவினாள், மாட்டிக்கொண்டாள். இதை இப்படியே போய்ச் சொன்னால் போதும். நான்கு வாக்கியம்கூட வேண்டாம். சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தான்.

முன்பக்கம் வந்தால் எல்லோரும் நின்றிருந்தார்கள். சித்தி நடுவில். தோவா லேத்துக்குப் பக்கத்தில், கையில் துடைக்கிற துணியோடு.

"நல்ல நேரத்துல வந்த தியென்," என்றாள் சித்தி. "நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல. காரணமில்லாம ஒருத்தி சோத்துல மண்ணைப் போட மாட்டேன். அதனால எல்லார் முன்னாடியும் கேக்குறேன். டிரைவ் மாத்திப் பாத்துட்ட. மோட்டார் மாத்தியாச்சு. கேபிள் நீ போட்ட புதுக் கேபிள். மிஷின்ல இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா? நீ இருக்குன்னு சொன்னா இவ திங்கட்கிழமையே மில்லிங்குக்குத் திரும்பிப் போகட்டும். ஏன்னா இந்தப் பட்டறையில எங்கிட்ட பொய் சொல்லாத ஒரே ஆளு நீதான்."

தோவா அவன் முகத்தைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டான் என்பதை அந்த முகத்தில் அவள் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"மிஷின்ல ஒண்ணும் இல்ல சித்தி" என்றான் தியென்.

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன். மிஷின் சுத்தமா இருக்கு."

அவ்வளவுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டுக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை.

தோவா அழவில்லை, வாதாடவும் இல்லை. "தம்பி பாத்துட்டுச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. துணியை மடித்து வைத்தாள். வேலைச் செருப்பைக் கழற்றி வெளிச்செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, "மில்லிங்குக்குப் பின்னாடி சீவல் குவிஞ்சு கெடக்கு. யாராவது கழுவி விடுங்க. மேசை ஓடுற தடம் தேய்ஞ்சுடும்" என்றாள்.

அவள் முதுகு கேட்டைத் தாண்டுவதற்குள் பாங் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திவிட்டான். அவள் மிதித்த இடமெல்லாம் தீயை ஆட்டிக்கொண்டு, "நல்ல வியா நில்லு நில்லு, கெட்ட வியா செல்லு செல்லு" என்று ராகம் போட்டுப் பாடினான். சித்தி ஒரு கைப்பிடி உப்பை வாரிக் கேட்டுக்கு வெளியே வீசினாள். பாதி உப்பு தோவாவின் தோளில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடாமலே போனாள். வியா கனத்தவர்கள் உப்பைத் தட்டக்கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது அவளே நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

அன்று மாலை தியென் கடைக்குப் போய் நல்ல கேபிள் வாங்கி வந்தான். ஒட்டைத் தூக்கியெறிந்துவிட்டு, முனையிலிருந்து முனைவரை புதிதாக இழுத்தான். தண்ணீர் புகாத உறை போட்டான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை செய்ததில்லை. "என்ன அண்ணே பண்றீங்க?" என்று கேட்ட பாங்கிடம், "சும்மா தூசி தட்டுறேன்" என்றான்.

அதன்பிறகு ஒன்பது வரவே இல்லை. ஒரு வாரம் வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. பாங்கையே கழுவச் சொல்லிப் பின்பக்கம் வெள்ளக்காடாக ஆக்கிப் பார்த்தான் தியென், அப்போதும் வரவில்லை. அவன் செய்த நேர்த்தியான வேலை தினமும் காலையில் தோவாவுக்கு எதிராக சாட்சி சொன்னது. டீக்கடையில் பாங் அதை அபிநயத்தோடு நடித்துக் காட்டினான். "டாக்டரே கைவிரிச்சுட்டாரு! ஆள் போச்சு, நோவு போச்சு!" நெடுஞ்சாலையின் கடைசிப் பட்டறைவரை அது போய்ச் சேர்ந்தது. தோவா ஐந்து இடத்தில் வேலை கேட்டாள். நான்கு இடத்தில் இல்லை என்றார்கள், ஐந்தாவது இடத்தில் அவள் கேட்டைத் தொடுவதற்கு முன்பே உள்ளேயிருந்து ஒருவன் தீப்பெட்டியைத் தேடினான். கடைசியில் அறையிலேயே உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போனாள். தனியாகச் செய்கிற வேலை. அவள் வியா போய் ஒட்டிக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

தியெனுக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தியது. நாளைக்குச் சொல்லலாம் என்று பல இரவு படுத்தான். ஒருமுறை ஒரு கிலோ மாம்பழம் வாங்கிக்கொண்டு அவள் சந்து முனைவரை போய்விட்டு, மாம்பழத்தோடு திரும்பி வந்து மனைவியிடம் கொடுத்தான். தித்திப்பாக இருந்தது என்றாள் மனைவி. உறுத்தல் என்பது ஒரு பைசாவுக்குப் பிரயோசனமில்லாத சரக்கு. அது யாருக்கும் வேலை வாங்கித் தந்ததில்லை.

நான்கு மாதம் கழித்து, மழை விட்டுப்போன ஒரு காலையில், கேட்டுக்கு வெளியிலிருந்து யாரோ "தம்பி" என்று கூப்பிட்டார்கள். தியென் எட்டிப் பார்த்தான். தோவா. கேட்டுக்கு மூன்றடி தள்ளி, சாலை ஓரத்திலேயே நின்றிருந்தாள். கையில் துணிப்பை. விரல் நுனியெல்லாம் முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்து உரிந்திருந்தன. ஆனால் நல்ல சட்டை போட்டிருந்தாள், தலையை வழித்து வாரியிருந்தாள்.

"உள்ள வாங்க அக்கா."

"வேண்டாம் தம்பி, பட்டறை நல்லபடியா ஓடட்டும். உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிடுறேன்."

தியென் வெளியே வந்தான்.

"என் மருமகளுக்குப் பையன் பொறந்திருக்கான், மி தோவுல. எட்டு நாள் ஆகுது." இதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துவிட்டது. "என் மகன் ஃபோன் மேல ஃபோன் போடுறான், வந்து பாரும்மா, வந்து பாரும்மான்னு. நான்தான் தள்ளிப்போட்டுட்டு இருக்கேன். பொறந்த குழந்தை இல்லையா. வியா கனத்தவ எட்டிப் பாத்தா தாங்காது. மூச்சு வாங்காம அழும், பால் குடிக்காது. நம்மால ஒரு பச்சைக்குழந்தைக்கு ஏதாவது ஆயிடக்கூடாதுல்ல?"

தியென் கையிலிருந்த எண்ணெயைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஊர் சொல்றதை நான் நம்பல தம்பி. ஊர் என்ன வேணா சொல்லும். பாங் சொல்றதையா நம்புறது? அதான் உங்கிட்டயே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். நான் போனப்புறம் அந்த ஒன்பது வந்துச்சா? ஒரே ஒரு தடவையாவது?"

வந்தது என்று சொன்னால் போதும். அது பொய், ஆனால் அவளைக் காப்பாற்றும் பொய். அல்லது வரவில்லை, ஏன் வரவில்லை தெரியுமா என்று ஆரம்பித்தால் போதும். அது உண்மை, அதுவும் காப்பாற்றும். வழி இரண்டும் திறந்தே கிடந்தன. ஆனால் கேட்டுக்கு உள்ளே நான்கைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்கு நடுவில் வெள்ளைச் செருப்பும் தெரிந்தது. வந்தது என்றால், வராததை வந்தது என்று டாக்டர் ஏன் சொல்கிறார் என்று கேட்பார்கள். ஏன் வரவில்லை என்று சொன்னால், அப்புறம் அவன் டாக்டர் இல்லை.

"வரல அக்கா" என்றான்.

"ஒரு தடவைகூட?"

"வரல."

தோவா தலையை ஆட்டினாள். ஒரு தரம், மறுபடியும் ஒரு தரம். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கறுத்த விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

"நல்லவேளை உங்கிட்ட கேட்டேன்," என்றாள். "வேற யாராவதுன்னா என் முகத்துக்காக வந்துச்சுன்னு சொல்லியிருப்பாங்க. நானும் நம்பிப் போயிருப்பேன். அந்தக் குழந்தைய நீதான் தம்பி காப்பாத்தின."

அப்போது நெடுஞ்சாலையில் மி தோ போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பையன் படியில் தொங்கிக்கொண்டு, "மி தோ, மி தோ! ஏறுங்கம்மா, சீக்கிரம்!" என்று கத்தினான். தோவா துணிப்பையைத் திறந்து, சின்னதாகப் பின்னிய மஞ்சள் தொப்பி ஒன்றை எடுத்து ஒருகணம் பார்த்தாள். மறுபடியும் உள்ளே வைத்து முடிச்சுப் போட்டுப் படியில் நின்றவனிடம் நீட்டினாள்.

"மி தோ ஸ்டாண்டுல என் மகன் வந்து நிப்பான், குடுத்துடு தம்பி. அம்மா வரலையான்னு கேப்பான். காய்ச்சல்னு சொல்லிடு."

பஸ் போயிற்று. அவள் போகிற வண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு நின்று, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், தன் அறை இருக்கிற சந்துப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து சித்தி கூப்பிட்டாள். மூன்றாம் லேத்தில் ஏதோ சத்தம் வருகிறதாம், டாக்டர் வந்து பார்க்க வேண்டுமாம். போய்ப் பார்த்தான்.